ஸ்வெட்டரோடு எடை போட்டால் குடிமுழுகிவிடுமா?

அம்மாப்பேட்டைப் பாட்டி:
"ஏற்காட்டுக் குளிரில் குழந்தையின் துணியைக் கழற்ற வேண்டாம், ஸ்வெட்டரோடு எடை போட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது, இருநூறு கிராம் ஒரு கணக்கா?" என்று நாகலூர்க்காரர் நேற்று இங்கே எழுதியிருந்தார். அங்கன்வாடியில் பிள்ளைகளை எடை போட்டே தலை நரைத்தவள் நான். கணக்குத்தான் ஐயா! ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2. ஓர் ஆண்டுக்கு 2.6 கிலோ என்றால் மாதத்துக்கு இருநூறு கிராமும் கொஞ்சமும். கார்த்திகையில் வெறும் சட்டையோடு போட்டு, மார்கழியில் ஸ்வெட்டரோடு போட்டால், வளராத பிள்ளையும் வளர்ந்ததாக வளர்ச்சி அட்டையில் கோடு ஏறும். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

நாகலூர்க்காரன்:
விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். மார்கழிக் காலையில் மேலே வந்து ஒரு பிள்ளையின் துணியைக் கழற்றிப் பாருங்கள், பிறகு கிராம் பேசலாம். சளி பிடித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கப்போவது நீங்களா, நாங்களா? அதோடு, குளிர் அதிகமாக இருந்தால் துணியோடே எடை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறது.

அம்மாப்பேட்டைப் பாட்டி:
இருக்கிறது. துணியோடு போட்டதைக் குறித்துவைக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. குறித்தீர்களா? ஸ்வெட்டரைத் தனியாகத் தராசில் வைத்துக் கழித்திருக்கலாம், அதையாவது செய்தீர்களா? தாயைத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்கி, பிறகு பிள்ளையைக் கையில் கொடுத்தால் பிள்ளையின் எடை மட்டும் வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் சளியும் பிடிக்காது, சாக்கும் தேவைப்படாது.

தறிச்சத்தம்:
ஸ்வெட்டர் கிடக்கட்டும். அட்டையில் சரியான எடையைக் காட்டும் அந்தப் பச்சைப் பட்டையே நம் பிள்ளைகளுக்கு உரியதா? உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது, பிரேசில், நார்வே, ஓமன் என்று எங்கெங்கோ அளந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பரம்பரையாகவே ஒல்லி.

அம்மாப்பேட்டைப் பாட்டி:
அளந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று தம்பி. தில்லிப் பிள்ளைகளைத்தான் அளந்தார்கள்.

தறிச்சத்தம்:
தில்லியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தில்லி சேலமாகிவிடுமா?

அம்மாப்பேட்டைப் பாட்டி:
அதற்காகத்தானே அவர்களைத் தேர்ந்தார்கள்! தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் கிடைத்து, வறுமை குறுக்கே நிற்காமல் இருந்தால் ஒரு பிள்ளை எப்படி வளரும் என்பதுதான் அந்தக் கோடு. 'பரம்பரை ஒல்லி' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். போகட்டும். பேச்சு ஸ்வெட்டரைப் பற்றியது. நாகலூர்க்காரர் பதில் சொல்லட்டும்.

நாகலூர்க்காரன்:
சொல்கிறேன். தராசே வேண்டாம். மேற்கையில் நாடாவைச் சுற்றினால் போதும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான மெலிவு. கிராமும் வேண்டாம், துணியைக் கழற்றவும் வேண்டாம்.

அம்மாப்பேட்டைப் பாட்டி:
மேற்கையை அளக்க ஸ்வெட்டர் கையைக் கழற்றாமல் எப்படி ஐயா நாடா சுற்றுவீர்கள்? கம்பளிக்கு மேலேயா? அப்படியானால் உங்கள் ஊரில் மெலிந்த பிள்ளையே இருக்காது!

கொண்டை ஊசி:
பாட்டி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஸ்வெட்டரை விடாத நீங்கள் கொலுசு, அரைஞாண், தாயத்தையெல்லாம் கழற்றிவிட்டா எடை போட்டீர்கள்? சேலத்துக் கொலுசு என்ன பஞ்சிலா செய்கிறார்கள்?

தறிச்சத்தம்:
எங்கள் ஊர்க் கொலுசை ஏன் இழுக்கிறீர்கள்? நாலு பேர் பிழைக்கும் தொழில் அது.

கொண்டை ஊசி:
தொழிலை யார் குறை சொன்னார்கள்? எடையைத்தான் கேட்டேன். மலைக்காரன் ஸ்வெட்டர் போட்டால் ஏமாற்று, சேலத்துக்காரர் வெள்ளி போட்டால் அழகா?

அம்மாப்பேட்டைப் பாட்டி:
என் மையத்தில் கொலுசும் கழன்றுதான் வரும். மாமியார்களிடம் நான் வாங்கிய வசவுக்குக் கணக்கே இல்லை. கொலுசு ஒவ்வொரு மாதமும் காலில் இருக்கும், ஸ்வெட்டர் குளிருக்கு மட்டும் வரும். மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது கோட்டைக் கெடுப்பது எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாகலூர்க்காரன்:
ஆக, கொலுசுக்கு மன்னிப்பு உண்டு, ஸ்வெட்டருக்குக் கிடையாது. நல்ல நியாயம்.

அம்மாப்பேட்டைப் பாட்டி:
கழற்றினேன் என்றுதானே முதல் வரியில் எழுதியிருக்கிறேன்? படிக்காமலே பதில் எழுதும் பழக்கம் உங்களைவிட்டுப் போகவில்லை. கேழ்வரகுக் கூழ் விவாதத்திலும் இப்படித்தான், ஆறு மாதம் முடிவதற்குள் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டேன், ஆளையே காணோம்.

நாகலூர்க்காரன்:
அன்றைக்கு மலையில் மின்சாரம் இல்லை.

தறிச்சத்தம்:
கூழைப் பற்றிப் பேசுவதென்றால் தனியாக ஆரம்பியுங்கள். எனக்கும் அதில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. முதலில், தில்லிக் கணக்குக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை.