மறு: ஸ்பெகுலம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரே வரியில் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் அச்செடுத்து, என் வரைவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். தனித்தனியாகப் பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் சேர்த்து எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: மகளிர் மருத்துவப் பரிசோதனையில் கருப்பை வாயைப் பார்க்க யோனிக்குள் வைக்கும் கருவிதான் ஸ்பெகுலம். அதைத் திருத்தி வடிவமைக்க முயலும் ஒரு சிறு அணிக்காக நான் இரண்டு ஆவணங்களைத் தமிழில் எழுதுகிறேன். ஒன்று செவிலியருக்கான செய்முறைக் குறிப்பு. இன்னொன்று பரிசோதனைக்கு வரும் பெண்ணின் கையில் கொடுக்கும் இரண்டு பக்கத் துண்டறிக்கை. ஒரே சொல் இரண்டிலும் நிற்க வேண்டும். செவிலியர் வாயில் தடுக்கக் கூடாது. படுத்திருக்கும் பெண்ணின் காதில் குத்தவும் கூடாது.

> ஸ்பெகுலம் என்றே விட்டுவிடலாமே. மருத்துவமனையில் எல்லோருக்கும் புரிகிறது.

யாருக்குப் புரிகிறது என்பதுதான் என் கேள்வி. பணியாளர்களுக்குப் புரிகிறது. அவர்கள் தங்களுக்குள் யோனிவழிப் பரிசோதனையைப் 'பி.வி. பார்க்கணும்' என்று சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்தப் பரிசோதனையைப் பற்றி நாம் பேசுவதில் பாதி இடக்கரடக்கல் (கூச்சமானதை மறைத்துச் சொல்வது), மீதி குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல்). இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண்ணுக்கு எதுவுமே சொல்லப்படுவதில்லை. என் முதல் பரிசோதனையில் தட்டில் உலோகம் உரசும் ஓசையைக் கேட்டுத்தான் ஏதோ கருவி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதன் பெயர் என்ன, எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்பதற்கு என்னிடமும் சொல் இல்லை. அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

> இலத்தீன் மூலத்தில் ஸ்பெகுலம் என்றால் கண்ணாடி. ஆகவே 'யோனியாடி'.

பேராசிரியர் ஐயா சொல்லும் வேர் சரி. ஆனால் இந்தக் கருவி எதையும் பிரதிபலித்துக் காட்டுவதில்லை. மூடிக்கிடக்கும் சுவர்களைத் தாங்கிப் பிடித்துப் பார்வைக்கு வழிவிடுகிறது, அவ்வளவே. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1971-இல் லாஸ் ஏஞ்சலிசில் பெண்கள் உடல்நல இயக்கத்தைச் சேர்ந்த கரோல் டவுனரும் அவருடைய தோழிகளும் பிளாஸ்டிக் ஸ்பெகுலத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, கைக்கண்ணாடியும் விளக்குமாகத் தங்கள் கருப்பை வாயைத் தாங்களே பார்த்தார்கள். பெண்கள் தாங்களாகவே கருவியை வைத்துக்கொள்ளலாம் என்ற வழி என் துண்டறிக்கையிலும் உண்டு. அங்கே 'ஆடியை வைத்தபின் ஆடியில் பாருங்கள்' என்று எழுதினால் என்ன ஆகும்? உண்மையான கண்ணாடி ஒன்று கையில் இருக்கும்போது, கண்ணாடியல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

> 'விரிப்பான்' எளிது. செயலைச் சொல்கிறது.

இதற்குத்தான் அதிக ஆதரவு. நானும் முதல் வரைவில் இதைத்தான் வைத்திருந்தேன். எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். அதே தட்டில் டைலேட்டர் என்று வேறொரு கருவி இருக்கக்கூடும். கருப்பை வாயையே விரிப்பது அதுதான், 'விரிப்பான்' அதற்கே பொருந்தும். இரண்டாவது காரணத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். 'விரி' என்ற ஏவல் பெண்ணுடலை நோக்கி எந்தெந்த இடங்களில் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்று இங்கிருக்கும் பெண்களுக்குத் தெரியும். ஏற்கெனவே கால்களை உயர்த்திப் படுத்திருப்பவரிடம் போய் அந்த வினையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'விலக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் பக்கத்திலேயே 'மாதவிலக்கு' என்ற சொல் புழங்கும் துண்டறிக்கையில் அது தடுமாற வைக்கிறது. 'திறப்பி' ஈழத்து நண்பர்கள் காதில் சாவியாக விழும்.

> மேலை மருத்துவத்தில் கண்டுபிடித்தவர் பெயரால் அழைக்கிறார்கள். 'சிம்சுக் கருவி' என்றால் என்ன குறை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் சிம்ஸ் இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் அல்லர். பொ.ஆ. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரிலிருந்தே திருகால் இயங்கும் யோனிப் பரிசோதனைக் கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் ரெகாமியே என்ற மருத்துவர் குழல் வடிவக் கருவியைப் பயன்படுத்தினார். ஜே. மேரியன் சிம்ஸ் 1840-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில், ஒரு கரண்டியின் காம்பை வளைத்துத் தம்முடைய வடிவத்துக்கு வந்தார். அங்கே அவர் அறுவை செய்து பழகியது அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில், மயக்கமருந்து இல்லாமல். மூவரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது: அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது முறை அளவில் அறுவை நடந்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்சின் சிலையை 2018-இல் அகற்றினார்கள். 2021-இல் மாண்ட்கமரியிலேயே அந்த மூன்று பெண்களுக்கும் மிஷெல் பிரௌடர் என்ற கலைஞர் நினைவுச்சிற்பம் எழுப்பினார். தமிழில் புதிதாகப் பெயர் வைக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கும்போது அந்த மனிதரின் பெயரை நாமே கொண்டுவந்து ஒட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனி என் முன்மொழிவு. கருவியின் உடலிலிருந்து தொடங்குகிறேன்; பெயர் அங்கேதான் கிடைத்தது.

இன்று பரவலாக இருக்கும் வடிவத்தில், வாத்தின் வாய்போல மேலும் கீழுமாக இரண்டு வளைந்த தகடுகள், ஒரு கீல், ஒரு கைப்பிடி, திறந்த நிலையிலேயே நிறுத்த ஒரு திருகு. இந்தத் தகடுக்குத்தான் முதலில் தமிழ் வேண்டும். மருத்துவர் அம்மா 'அலகு' என்றார்கள். வடிவத்துக்கு மிகப் பொருத்தம், 'ஈரலகு', 'மூவலகு' என்று அழகாகவும் புணரும். ஆனால் அலகு என்றால் பறவையின் மூக்கு, அலகு என்றால் கத்தியின் வாய். ஒன்று கொத்தும், மற்றது வெட்டும். நம் கருவியோ விளிம்பெல்லாம் மழுங்கலாக இருக்க வேண்டியது.

'இதழ்' என்று தங்கை ஒருவர் எழுதியிருந்தார். மென்மைக்காகச் சொல்லியிருக்கிறார், புரிகிறது. ஆனால் யோனியின் வாயிலில் இருப்பவற்றை உடற்கூற்றியலில் ஏற்கெனவே இதழ்கள் என்கிறோம். செவிலியர் குறிப்பில் 'இதழ்களை விலக்கி இதழ்களைச் செலுத்தவும்' என்று எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு வரியை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

மிஞ்சியது மடல். காதுமடல், தாழைமடல், வாழைமடல். நீண்டு, உட்குழிந்து, ஓரம் மழுங்கி, ஒன்றைத் தழுவிக் காத்து நிற்பது. ஸ்பெகுலத்தின் தகடும் அச்சாக அதே வடிவம். நாம் எழுதிக்கொள்வதும் மடல்தான். அதனால் குழப்பம் வரும் என்று நான் நினைக்கவில்லை. 'காதுமடல் வலிக்கிறது' என்றால் யாரும் கடிதத்தைத் தேடுவதில்லை.

ஆகவே: காண் + மடல் = காண்மடல். காண்பதற்கு உதவும் மடல். வினைத்தொகையாக வருவதால் காலமும் தடையில்லை.

இந்தச் சொல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், புதிய வடிவங்கள் வந்தாலும் உடையாமல் நிற்கிறது. சிம்ஸ் வகையில் ஒரு முனையில் ஒரு மடல்தான், ஒருமடல். கிரேவ்ஸ், பெடர்சன், கஸ்கோ என்று பெயர்பெற்ற வகைகள் மூன்றும் இருமடல். கிரேவ்ஸ் நடுத்தர அளவில் மடலின் அகலம் ஏறத்தாழ 3.5 செ.மீ.; பெடர்சன் ஏறத்தாழ 2.5 செ.மீ. 'குறுமடல் இருக்கிறதா' என்று ஒரு பெண் கேட்க முடியும். அந்த ஒரு செ.மீ. வித்தியாசம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு தேர்வு உண்டென்றே பலருக்குத் தெரியாது.

இருமடலில் ஒரு பழைய குறை உண்டு. மேலும் கீழும் தாங்குமே தவிர பக்கச்சுவர்கள் உள்ளே சரிந்துவந்து பார்வையை மறைக்கும். அப்போது பெரிய அளவை எடுப்பார்கள், இன்னும் திறப்பார்கள், வலி கூடும். கையுறையின் விரல் பகுதியை நுனி வெட்டி மடல்களின் மேல் மாட்டிச் சுவர்களைத் தடுப்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த கைவழி. சான் பிரான்சிஸ்கோவின் ஃபிராக் வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த பெண்கள் 2017-இல் முன்வைத்த 'யோனா' மாதிரி இந்தக் குறையைத்தான் எடுத்துக்கொண்டது: மூன்று மடல்கள், மேலே சிலிக்கோன் உறை, திருகின் ஓசையைக் குறைக்க ஏற்பாடு. அதற்கு 'மும்மடல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. மும்மடல் ஒன்றும் புதுமையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோமானியர் கருவிகளிலேயே மூன்று மடல்கள் இருந்தன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'லிலியம்' ரப்பர்போல வளையும் பொருளால் ஆனது. ஒடுங்கிய நிலையில் உள்ளே போய் அங்கே திறக்கும். அதை 'மென்மடல்' என்பேன்.

ரெகாமியே காலத்துக் குழல் வகைக்குக் 'காண்குழல்'. காதுக்குள் பார்க்க வைக்கும் புனல் வடிவமும் காண்குழல்தான், மூக்குக்கு வைப்பது மூக்குக் காண்மடல். டியூக் பல்கலைக்கழகத்தில் நிம்மி ராமானுஜம் குழுவினர் உருவாக்கிய 'காலாஸ்கோப்' மெல்லிய செருகியின் நுனியில் கேமரா வைத்தது. அதில் மடலே கிடையாது. அதை இந்தப் பெயருக்குள் இழுக்க வேண்டாம்; 'அகநோக்கி' (எண்டோஸ்கோப்) இனத்தில் சேரட்டும்.

> முன்னொட்டு? 'புணர்புழைக் காண்மடல்' என்றால் தூய தமிழாகிவிடும்.

ஐயா, இதில் நான் உடன்பட மாட்டேன். புணர்புழை என்பது ஒரு பெண்ணின் உறுப்பைப் புணர்ச்சியால் மட்டும் அடையாளப்படுத்துகிறது. துண்டறிக்கையைப் படிப்பவர் மணமாகாதவராக, எழுபது வயதுக்காரராக, வன்முறைக்கு ஆளானவராக இருக்கலாம். யோனி வடசொல்லாகவே இருக்கட்டும், அதில் யாருடைய செயலும் ஒட்டவில்லை. முன்னொட்டு தேவைப்படும் இடத்தில் யோனிக் காண்மடல், மற்ற இடங்களில் வெறும் காண்மடல்.

இன்னொரு வினையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கருவியை வெளியே எடுக்கும்போது, கருப்பை வாயைத் தாண்டி வரும்வரை மடல்கள் சற்றே திறந்திருக்க வேண்டும். அங்கேயே முழுக்க மூடினால் சதை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். என் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: 'மடல்களைச் சற்று அகற்றியபடியே கருவியை அகற்றவும்.' அகற்று என்பதற்கு அகலமாக்கு என்றும் பொருள், நீக்கு என்றும் பொருள். அவசரத்தில் படிக்கும் ஒருவர் எந்தப் பொருளை எடுப்பார்? இலக்கணப்படி பிழையே இல்லாத அந்த வரி ஒருவரைக் காயப்படுத்தியிருக்கும். இப்போது திற, மூடு, வெளியே எடு என்ற மூன்று வினைகள் மட்டும்தான். 'சொருகு' வேண்டாம், அது கத்திக்கு உரியது. பெண்ணிடம் சொல்லும்போது 'வைக்கிறேன்'. தானே செய்துகொள்பவருக்கு 'வைத்துக்கொள்ளுங்கள்'.

சொல்லை ஒருவரிடம் சோதித்தும் பார்த்தேன். என் அக்கா இந்தப் பரிசோதனையைப் பல வருடங்களாகத் தள்ளிப்போடுபவர். துண்டறிக்கையைப் படித்துக் காட்டினேன். 'காண்மடல்' என்றதும் நிறுத்தி, "மடல்னா இப்படியா?" என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். நான் படம் எதுவும் காட்டியிருக்கவில்லை. அடுத்து அவர் கேட்டது, "எவ்வளவு அகலம்?" 'விரிப்பான்' இருந்த பழைய வரைவை வாசித்தபோது அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, பேச்சை மாற்றிவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்ற திட்டப்படி, 2030-க்குள் 70 சதவீதப் பெண்களாவது 35 வயதுக்குள் ஒருமுறையும் 45-க்குள் மறுமுறையும் கருப்பை வாய்ப் புற்றுக்கான தரமான சோதனை செய்திருக்க வேண்டும். அந்தப் புற்றுக்குக் காரணமான கிருமியைத் தேடும் எச்.பி.வி. சோதனைக்குப் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், அதற்குக் காண்மடல் தேவையில்லை. ஆனால் கிருமி இருப்பது தெரிந்தால் அடுத்த படியில் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தப் படியில் பயந்து திரும்பிவிடுபவர்களுக்காகத்தான் கருவியையும் மாற்றுகிறார்கள், நானும் சொல்லைத் தேடுகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிளாஸ்டிக் கருவிகளில் மடல்களை நிறுத்திவைக்கத் திருகுக்குப் பதிலாக, ஒரு பக்கம் மட்டும் நகரவிட்டுத் திரும்பவிடாத பற்கள் கொண்ட ஒரு பட்டை இருக்கும். 'டக் டக்' என்ற ஓசை அதிலிருந்துதான் வருகிறது. என்ன ஓசை என்று முன்பே சொல்லிவைத்தால் பெண்கள் திடுக்கிடாமல் இருப்பார்கள் என்பதால், துண்டறிக்கையில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'தடைப்பல்' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். வாய்க்குள் இருக்கும் பல் நினைவுக்கு வருவது பிடிக்கவில்லை. பட்டறையில் வேலை பார்த்தவர்கள், தையல் எந்திரமோ கிணற்று ராட்டினமோ பழுது பார்த்தவர்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்? வழக்கில் உள்ள சொல் கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிடுகிறேன். வரைவு அடுத்த திங்கள்வரை என் கையில் இருக்கும்.

அன்புடன்