ஓமன் வாதி பனி அவ்ஃப்: ஒரே நாளில் கடக்க முடியுமா?

பென்னாகரத்தான்:
வணக்கம். தை மாதம் பத்து நாள் மஸ்கட் போகிறேன், மச்சான் அங்கே இருக்கிறார். ருஸ்தாக் பக்கமிருந்து வாதி பனி அவ்ஃப் பள்ளத்தாக்கில் (வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் காட்டாறு) நுழைந்து, பிலாத் சைத் கிராமத்தைப் பார்த்துவிட்டு, மலையேறி அல் ஹம்ரா பக்கம் இறங்க ஆசை. ஒரே வண்டி, ஃபோர் வீல் டிரைவ். இங்கே மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன், அஞ்செட்டி வழியாக ஒகேனக்கலுக்கு எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், ஆனால் காய்ந்த ஆற்றுப் படுகையில் ஓட்டியதில்லை. இருட்டுவதற்குள் முடியுமா?

ஊத்தங்கரை டிரைவர்:
முடியும், விடியற்காலையிலேயே கிளம்புங்கள். அங்கே ஒன்பது வருடம் வண்டி ஓட்டினேன். நீங்கள் சொன்ன திசைதான் நல்லது, அந்தச் சரளைச் சரிவில் இறங்குவதைவிட ஏறுவது கைக்கு அடங்கும். டயரில் காற்று 35 psi இருந்தால் 25-க்கு இறக்குங்கள். மணலுக்குச் செய்வது போல 15 வரை போகாதீர்கள், கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் நிலை), முதல் கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். வாடகை வண்டி என்றால் மலைப்பாதைக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று முதலில் கேளுங்கள், பல ஒப்பந்தங்களில் கிடையாது.

பள்ளத்தாக்கில் ஒரு இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். என் தலைக்கு மேலே, பாறை இடுக்கில், காய்ந்த பேரீச்சை மட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையும் சொருகிக் கிடந்தன. வெள்ளம் கொண்டுவந்து வைத்தது. சோற்றுப் பொட்டலத்தை அப்படியே மடித்து வண்டியில் வைத்துவிட்டு மேட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டோம்.

மத்தூர் மலர்:
ருஸ்தாக்கிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். ஒரே வண்டியில் போகாதீர்கள், சிக்னல் இல்லாத இடத்தில் டயர் போனால் யார் வருவார்கள்?

ஒகேனக்கல் பரிசல்:
நாங்கள் ஆற்றங்கரைக் குடும்பம், அதனால் ஒன்று சொல்கிறேன். ஆடி மாதம் பென்னாகரத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் கொளுத்தும், ஆனால் குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால் இங்கே பரிசலுக்குத் தடை. அந்தத் தண்ணீர் அணைகளைத் தாண்டி வர நாள் ஆகும், பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கனஅடி என்று அளந்து சொல்லிவிடுகிறார்கள், நாமும் பரிசலைக் கரையேற்றிவிடுகிறோம். வாதியில் அந்த அவகாசம் கிடைக்காது. மலை உச்சியில் இடி மழை பெய்தால், மேலே நீலவானம் இருக்கும்போதே, கொஞ்ச நேரத்தில் சேறும் கல்லுமாக வந்துவிடும். மண்ணைப் பிடித்து வைக்க மரம் இல்லை, மொட்டைப் பாறை, விழுந்தது அத்தனையும் ஓடி வரும். அதனால் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்பாதீர்கள், அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் ஹஜர் மலைத்தொடருக்கு என்ன வானிலை சொல்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் குறுக்கே ஓடினால் இறங்கவே வேண்டாம், முழங்கால் ஆழம் போதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக. வெள்ளம் ஓடும் வாதியைக் கடப்பது அந்த நாட்டில் சட்டப்படி குற்றமும் கூட.

பென்னாகரத்தான்:
ரொம்ப நன்றி. மச்சானிடம் பேசினேன், அவர் நண்பரும் வண்டியோடு வருகிறார், இரண்டு வண்டியாகப் போகிறோம். மலையில் மழை என்று சொன்னால் அன்றைக்கு நிஸ்வா கோட்டைக்குப் போய்க்கொள்கிறோம். காற்றடிக்கும் பம்ப் இங்கிருந்தே எடுத்துப் போகவா, அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

ஊத்தங்கரை டிரைவர்:
அங்கேயே வாங்குங்கள். மேட்டில் ஏறித் தார் ரோட்டைத் தொட்டதும் மறுபடி 35-க்கு அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.