ஹெஸ்ஸே இளவரசர் ஃபிலிப்: ஹிட்லரின் பலியா, ஹிட்லருக்கு உடந்தையா?

நெய்தல்:
இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலின் மகள் மஃபால்டா, 1944 ஆகஸ்டில் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்தார். அவருக்காக வருந்தி எழுதுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் எழுதுகிறவர்கள் அவருடைய கணவர், ஜெர்மன் இளவரசர் ஃபிலிப்பையும் ‘ஹிட்லரால் பாதிக்கப்பட்டவர்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தது 1930-இல். அப்போது ஹிட்லர் ஆட்சியில்கூட இல்லை, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நாஜித் தலைவர் கோரிங்கின் நண்பர் என்பதால் 1933-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே-நாசாவ் மாகாணத்தின் ஆளுநர் பதவியும் வந்தது. இவரை எப்படிப் பலி என்பது?

மாடப்புறா:
நீங்கள் 1930-இல் தொடங்குகிறீர்கள். அந்தக் குடும்பத்தின் கதை அதற்கு முன்பே உடைந்துபோனது. தாய் மார்கரெட், ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை. மூத்த அண்ணன்கள் இருவரும் முதல் உலகப்போரில் செத்தார்கள். தகப்பனாரை 1918 அக்டோபரில் பின்லாந்துக்கு மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனி தோற்றதும் இரண்டே மாதத்தில் அவர் அதைத் துறக்க வேண்டியதாயிற்று. ஒரே வருடத்தில் மாமன் சிம்மாசனம் போய், அப்பாவின் கிரீடமும் போன வீடு அது. ஃபிலிப் கலை வரலாறு படித்து, ரோமுக்குப் போய், வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து பிழைத்தார். 1925-இல் மஃபால்டாவை மணந்தார். பழைய மரியாதையைத் திருப்பித் தருவோம் என்று ஒருவன் சொன்னபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் மயங்கியது எனக்குப் புரிகிறது. ஆளுநர் என்றாலும் உண்மையான அதிகாரம் கட்சித் தலைவர்கள் ஷ்ப்ரெங்கர், வைன்ரிஷ் கையில்தானே இருந்தது?

தென்மலை:
மயங்கியவர் மயங்கியபடி சும்மா இருக்கவில்லையே, அக்கா. 1938 மார்ச் 11 இரவு ரோமிலிருந்து ஹிட்லருக்கு ஃபோன் போட்டது இவர்தான். ஆஸ்திரியாவுக்குள் ஜெர்மன் படை நுழைவதை இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி எதிர்க்கவில்லை, நட்போடு ஏற்றுக்கொண்டார் என்று சேதி சொன்னார். இந்த உதவியை என்றைக்கும் மறக்க மாட்டேன் என்று முசோலினியிடம் சொல்லச் சொன்னார் ஹிட்லர். மாமனார் இத்தாலி மன்னர் என்பதால்தான் இந்தத் தூதர் வேலை இவருக்கு வந்தது. அந்த உரையாடலைப் பதிவுசெய்தது கோரிங்கின் ஒட்டுக்கேட்பு அமைப்பு. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? ஃபிலிப்பின் தம்பி கிறிஸ்டோஃப்! அந்தத் தாள்கள் போருக்குப் பிறகு, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகப் போயின.

கிறிஸ்டோஃபின் மனைவி சோஃபி, பிரிட்டன் ராணி எலிசபெத்தின் கணவர் ஃபிலிப்புடைய அக்கா. எலிசபெத்தின் 1947 திருமணத்துக்கு மாப்பிள்ளையின் அக்காக்களை அழைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மாடப்புறா:
சரி, இத்தாலி மன்னரின் மருமகன் என்ற அந்த உறவே ஃபிலிப்பின் கழுத்தை இறுக்கியதையும் சொல்லுங்கள். 1943 ஜூலையில் மன்னர் முசோலினியைப் பதவியிலிருந்து இறக்கினார். செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த செய்தி வந்ததும், தன் தலைமையகத்திலேயே இருந்த ஃபிலிப்பை ஹிட்லர் கைது செய்து ஃப்ளோசன்பியூர்க் முகாமுக்கு அனுப்பினான். மஃபால்டா அப்போது தங்கையின் கணவர், பல்கேரிய மன்னர் போரிஸின் சாவுக்குப் போயிருந்தார். ரோமுக்குத் திரும்பியதும், உங்கள் கணவர் தொலைபேசியில் பேசப்போகிறார் என்று ஜெர்மன் தூதரகத்துக்கு வரச் சொன்னார்கள். போனவரை அப்படியே பிடித்து விமானத்தில் ஏற்றினார்கள். புகன்வால்டில் ‘திருமதி வெபர்’ என்று பெயர் மாற்றி அடைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 24 அன்று முகாமை ஒட்டிய ஆயுதத் தொழிற்சாலை மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. கை கருகிய நிலையில் இடிபாட்டிலிருந்து அவரை எடுத்தார்கள். கையை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. மனைவி செத்தது போர் முடிந்த பிறகுதான் ஃபிலிப்புக்குத் தெரிந்தது. அந்த மனிதனுக்கு இது தண்டனை இல்லையா?

நெய்தல்:
அது கொடுமை. மஃபால்டாவுக்குப் பக்கத்து அறையில் இருந்த சோஷலிஸ்ட் தலைவர் ருடால்ஃப் பிரைட்ஷைடும் அதே குண்டுவீச்சில்தான் செத்தார். அவர் வாழ்நாள் முழுக்க நாஜிகளை எதிர்த்து அங்கே வந்தவர். ஃபிலிப்பை அவரோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் ஹடமார். யாரும் இங்கே அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஃபிலிப்பின் மாகாணத்தில் இருந்த மனநல மருத்துவமனை அது. அதை ரைஷ் (ஜெர்மன் மத்திய அரசு) உள்துறையிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ஃபிலிப். 1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை விஷவாயு வைத்துக் கொன்றார்கள். அக்கா, அதிகாரம் கட்சிக்காரர்கள் கையில் இருந்தது என்கிறீர்கள். கையெழுத்து யாருடையது?

மாடப்புறா:
போருக்குப் பிறகு அவர் மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள், அப்புறம் கைவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருந்தால் வழக்கு நின்றிருக்கும்.

நெய்தல்:
வழக்கு நிற்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தெரியுமா என்பதற்கு, ஹடமாருக்குப் பக்கத்து ஊரான லிம்பூர்க்கின் கத்தோலிக்க ஆயர் ஹில்ஃப்ரிஷ் 1941 ஆகஸ்டில் நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வாரத்தில் பலமுறை பேருந்துகள் ஆட்களை ஏற்றி வருகின்றன, புகைபோக்கியில் புகை எழுகிறது என்கிறார். அந்த வண்டியைப் பார்த்ததும் ஊர்ப் பிள்ளைகள், ‘இதோ மறுபடியும் கொலைப்பெட்டி வருகிறது’ என்று சொல்வார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மாகாண ஆளுநருக்குத் தெரியாதா?

தென்மலை:
இன்னொன்று. அந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கு, நோயால் இறந்தார் என்று பொய்க் காரணம் எழுதிய கடிதம்தான் போனது. ஃபிலிப் போருக்குப் பிறகு 1947 வரை நேச நாடுகளின் காவலில் இருந்தார், அப்புறம் விடுதலை. ஃபுல்டா அருகே ஃபசனெரி அரண்மனையைச் செப்பனிட்டு, குடும்பக் கலைப்பொருள்களை அருங்காட்சியகமாக வைத்தார். 1980-இல் ரோமில், 83 வயதில், காலமானார்.

மாடப்புறா:
நான் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. தாயை இழந்த நான்கு பிள்ளைகளின் தகப்பன், கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஹிட்லரின் கைதியாகக் கிடந்தவன் என்பதையும் எழுதுங்கள் என்கிறேன். அதை அழித்துவிட்டு எழுதினால் அது பாதி வரலாறு.

நெய்தல்:
எழுதலாம், தடையே இல்லை. ஹடமார் ஒப்பந்தத்தையும் அதே பத்தியில் எழுதுங்கள். நான் பார்த்த மஃபால்டா பதிவு ஒன்றில்கூட அது இல்லை. அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.