கெர்னல் மாட்யூல் க்ராஷ்: ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி

கேள்வி:
லினக்ஸ் 6.6, எக்ஸ்86-64. டிரைவர் லோடு ஏறும்போது மட்டும் விழுகிறது. 168 பைட் செஷன் ஸ்ட்ரக்ட்டை கேமல்லாக்கில் (கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) எடுத்து ஆர்சியு லிஸ்ட்டில் (ரீடர்கள் லாக் போடாமலே படிக்கும் பட்டியல்) கோத்திருக்கிறோம். சாதாரண கெர்னலில் க்ராஷ் தடவைக்கு ஓர் இடம், பெரும்பாலும் எங்கள் கோடே அல்ல. ஸ்லப் (கெர்னலின் நினைவக ஒதுக்கி) டீபக்கை ஆன் செய்து பூட் செய்தால் எங்கள் தேடல் ஃபங்ஷனிலேயே ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் முழுக்க 6பி. கேஃப்ரீயில் நினைவகத்தை விடுவித்த பிறகு பாயின்டரை நல் ஆக்கியும் பயனில்லை. எங்கிருந்து பிடிப்பது?

பதில் 1:
விடுவித்த பொருளின் மேல் ஸ்லப் நிரப்பும் பைட்தான் 6பி. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது), சந்தேகமே வேண்டாம். 168 பைட் கேமல்லாக்-192இல் (192 பைட் துண்டுகளின் தொகுப்பு) போய் உட்காரும். நீங்கள் விட்ட இடம் அதே அளவு கேட்கும் வேறு யாருக்கும் போகலாம். சாதாரண கெர்னலில் பழி அடுத்தவர் தலையில் விழுவது அதனால்தான்.

நல் ஆக்குவதெல்லாம் கண்துடைப்பு. இன்னொரு சிபியு அந்த முகவரியை முன்பே எடுத்து வைத்திருக்கும்.

காசானை (தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கெர்னல் கருவி) ஜெனரிக் மோடில் போட்டு பில்ட் செய்யுங்கள். 8 பைட்டுக்கு 1 நிழல் பைட் (அவற்றைத் தொடலாமா என்ற குறிப்பு), அதாவது ரேமில் எட்டில் ஒரு பங்கு போகும்; வேகமும் குறையும். ரிப்போர்ட்டில் தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர் என மூன்று ஸ்டாக் வரும். விடுவித்தவரை முதலில் படியுங்கள்.

கேட்டவர்:
ரிப்போர்ட் வந்தது. 8 பைட் ரீட், பொருளின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி. பஹோலில் (ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைக் காட்டும் கருவி) பார்த்தால் அங்கே இருப்பது லிஸ்ட்டின் நெக்ஸ்ட் (அடுத்த பொருளைக் காட்டும் பாயின்டர்). விடுவித்தது செஷன் மூடும் ஃபங்ஷன்: லிஸ்ட்_டெல்_ஆர்சியு (லிஸ்ட்டிலிருந்து நீக்குவது), அடுத்த வரியே கேஃப்ரீ.

பதில் 2:
அந்த இரண்டு வரிதான் கோளாறு. லிஸ்ட்_டெல்_ஆர்சியு புதிதாக வரும் ரீடருக்குத்தான் பொருளை மறைக்கும். ஏற்கெனவே அதன் மேல் நிற்பவர் நெக்ஸ்ட்டைப் படிக்கும்போது நினைவகம் போயிருக்கும். ஸ்ட்ரக்ட்டில் ஆர்சியு_ஹெட் சேர்த்து, கேஃப்ரீக்குப் பதில் கேஃப்ரீ_ஆர்சியு போடுங்கள்; பழைய ரீடர்கள் முடிக்கும்வரை காத்திருந்தே அது விடுவிக்கும். 16 பைட் கூடி 184 ஆகும், இன்னும் 192க்குள்தான்.

தேடல் ஃபங்ஷன் பாயின்டரை வெளியே திருப்பித் தருகிறதா? அப்படியானால் இது மட்டும் போதாது, ரெஃப்கவுன்ட்டும் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) வேண்டும். ரீடர் பகுதியை முடிக்கும் ஆர்சியு_ரீட்_அன்லாக்குக்கு முன்பே ரெஃப்கவுன்ட்_இன்க்_நாட்_ஜீரோ (பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டுவது). அது தோற்றால் செஷன் கிடைக்கவில்லை என்றே திரும்புங்கள். வெறும் ரெஃப்கவுன்ட்_இன்க் போட்டால், பூஜ்யத்துக்கு இறங்கிய பொருளை மறுபடி பிடித்துக்கொள்வீர்கள். டிமெசேஜில் (கெர்னல் லாக்) க்ராஷுக்கு முன் ரெஃப்கவுன்ட் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

உண்மையில் தேடல் அடிக்கடி நடக்காது என்றால் ஆர்சியுவே வேண்டாம், ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்) போதும்.

பதில் 3:
கேஃப்ரீ_ஆர்சியு இல்லாமல் சொந்த கால்பேக்கோடு (பழைய ரீடர்கள் முடித்த பின் ஓடும் ஃபங்ஷன்) கால்_ஆர்சியு போடுவதானால், மாட்யூல் எக்ஸிட்டில் ஆர்சியு_பேரியர் (மிச்ச கால்பேக்குகள் முடியும்வரை காத்திருப்பது) கட்டாயம். விட்டால் மாட்யூலை இறக்கிய பிறகு கால்பேக் ஓடி, இல்லாத கோடுக்குத் தாவும். ப்ரொடக்‌ஷனில் கண்காணிக்க காசான் வேண்டாம், கெர்னல் 5.12 முதல் உள்ள கேஃபென்ஸ் (இதே வகைப் பிழைகளைப் பிடிக்கும் இலகுவான கருவி) போதும். சாம்பிள் எடுத்தே பார்க்கும், அதனால் சிக்க நாளாகலாம்.