உறவின்போது கழுத்தை அழுத்துவதும் சம்மதமும்: கல்லூரி ஆய்வுகளின் எண்களை எப்படிப் படிப்பது?

வெளிச்சம்23:
அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டெபி ஹெர்பெனிக் குழு நடத்திய மாணவர் சர்வேக்களை வைத்து, பொதுச் சுகாதாரப் படிப்புக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மூன்று இடங்களில் முட்டுகிறது. உறவின்போது கழுத்து அழுத்தப்பட்ட மாணவிகள் 58% என்று ஒரு இடத்தில் இருக்கிறது, 26.5% என்று இன்னொரு இடத்தில். எதை எடுப்பது? அடுத்தது, "சம்மதித்தீர்களா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் போதாதா? கடைசியாக, இருவரும் ஒப்புக்கொண்டு செய்தால் ஆபத்தில்லை என்று எழுதலாமா? பிறகு இதே கேள்விகளைத் தமிழிலும் தயாரிக்க வேண்டும். சொற்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும்:
வணக்கம். இரண்டு எண்ணும் சரிதான், கேள்விதான் வேறு. 58% என்பது "வாழ்நாளில் எப்போதாவது". 26.5% என்பது "கடைசியாக உறவு கொண்டபோது". அந்தக் கடைசி முறைக் கணக்கில் ஆண்கள் 6.6% மட்டுமே. நான்கு பெண்களில் ஒருவருக்கு மேல் என்பதும் பதினைந்து ஆண்களில் ஒருவர் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது. கட்டுரையில் இந்த இரண்டையும் சேர்த்தே போடுங்கள். இரண்டு அளவையும் ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள். "எப்போதாவது" என்ற எண் வயதோடு ஏறும், நினைவுப் பிழையும் அதில் அதிகம். பழக்கம் இப்போது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை "கடைசி முறை"தான் காட்டும்.

இன்னொன்று, இது ஒரே பல்கலைக்கழகத்துச் சாம்பிள். குலுக்கல் முறையில் எடுத்தது என்பதால் அந்த வளாகத்துக்கு நன்றாகப் பொருந்தும். "அமெரிக்க மாணவர்கள்" என்று தலைப்பு வைத்தால் தவறு. பதில் தந்தவர்களின் விகிதத்தையும் பாருங்கள். உதாரணத்துக்கு, 2019இல் அமெரிக்காவின் 33 கல்வி நிறுவனங்களில் நடந்த பாலியல் வன்முறை சர்வேக்கு 1,81,752 பேர் பதில் தந்தார்கள். பெரிய எண்தான், ஆனாலும் அழைக்கப்பட்டவர்களில் அது 21.9% மட்டுமே. பதில் தராத மிச்சப் பேர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சம்மதத்துக்கு ஒற்றைக் கேள்வி போதவே போதாது. மேரி காஸ் 32 கல்லூரிகளில் 6,159 மாணவர்களிடம் எடுத்து 1987இல் வெளியிட்ட ஆய்வு கற்றுத்தந்த பாடம் இது. சட்டப்படி வன்புணர்வு என்று சொல்லத்தக்கது நேர்ந்த பெண்களில் 27% பேர்தான் அதை அந்தப் பெயரால் அழைத்தார்கள். பெயரைக் கேட்டால் விடை தப்பிவிடும். நடந்த செயலைக் கேட்டால்தான் கிடைக்கும். "முரட்டு உறவு" என்ற சொல்லும் அப்படித்தான். ஒருவருக்கு அது முடியைப் பிடித்து இழுப்பது, இன்னொருவருக்குக் கன்னத்தில் அறைவது. செயல்களைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இவற்றைக் கேளுங்கள்: முன்கூட்டிப் பேசினீர்களா? அப்போது வாயால் கேட்டார்களா, சைகையா, எதுவுமே இல்லாமல் தொடங்கியதா? அது உங்களுக்கு வேண்டியிருந்ததா? நிறுத்தச் சொன்னீர்களா, சொன்னதும் நின்றதா?

"வேண்டியிருந்ததா" என்பதைச் "சம்மதித்தீர்களா" என்பதிலிருந்து பிரித்தே கேட்க வேண்டும். பிடிக்காமலே ஒத்துக்கொள்வதும் உண்டு, ஆசை இருந்தும் சம்மதம் தராமல் இருப்பதும் உண்டு. ஒரே கட்டத்தில் அடைத்தால் இரண்டும் காணாமல் போகும். ஹெர்பெனிக் குழு 24 இளம் பெண்களை நேர்காணல் செய்தபோது, கழுத்தில் கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேட்கும் வழக்கம் இல்லை என்று தெரிந்தது. முன்பு ஒருமுறை சரி என்றது அடுத்த முறைக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் "இந்த முறை கேட்டார்களா?" என்று தனியாகக் கேளுங்கள்.

இரவுப்பணி (அவசர சிகிச்சை):
மூன்றாவது கேள்விக்கு: எழுதாதீர்கள். மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் கழுத்துக் குழாயை, அதாவது ஜுகுலர் சிரையை அடைக்கத் தோராயமாக 2 கிலோ அழுத்தம் போதும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிக்கு 5 கிலோ. மூச்சுக்குழாய்க்கு 15 கிலோ. "மூச்சு விட முடிகிறது, அதனால் பரவாயில்லை" என்ற எண்ணம் தவறாவது இந்த வரிசையால்தான். மூச்சு தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்போதே மூளைக்கு ரத்தம் நின்றிருக்கும். 1943இல் ஆண் தன்னார்வலர்களின் கழுத்தில் காற்றுப்பட்டை கட்டிச் செய்த சோதனையில், ரத்தம் நின்றதும் சராசரியாக 7 நொடியில் நினைவு தப்பியது.

சம்மதம் இங்கேதான் முறிகிறது. சம்மதம் என்றால் எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம் என்று அர்த்தம். கழுத்து அழுந்தியவருக்குக் குரல் எழும்பாது, கை தளர்ந்துவிடும். "போதும்" என்று தட்டச் சொல்லி வைத்திருந்தாலும், தட்ட வேண்டியவர் அதற்குள் மயங்கியிருப்பார். தொடங்கும்போது முழு மனதோடு சொன்ன "சரி", சில நொடியில் திரும்பப் பெற முடியாததாகிவிடுகிறது. இந்த மாணவர் சர்வேக்களிலேயே பேச முடியாமல் போனது, விழுங்கக் கஷ்டம், கண்ணில் நீர் வருவது எல்லாம் பதிவாகியிருக்கிறது.

வெளியில் காயம் தெரியாது என்பதையும் சேருங்கள். குடும்ப வன்முறையில் கழுத்து நெரிக்கப்பட்ட 300 வழக்குகளை ஆராய்ந்து 2001இல் வந்த ஆய்வில், பாதிப் பேரிடம் கண்ணுக்குத் தெரியும் தடமே இல்லை. தமனியின் உட்சுவர் கிழிந்தால் சில நாள் கழித்துகூடப் பக்கவாதம் வரலாம். குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் கழுத்து வலி, புதுவிதத் தலைவலி, கண்ணிமையில் செம்புள்ளிகள், ஒரு கண்ணிமை தொங்குவது, நினைவு தப்பியது: இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே கழுத்து அழுந்தியது என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொன்னால்தான் கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன் எடுப்பார்கள். வெறும் தலை ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம்.

இண்டியானாவிலேயே கெய்சுகே கவாட்டா குழு, 30 நாளில் நான்கு முறையோ அதற்கு மேலோ கழுத்து அழுத்தப்பட்ட பெண்களை, அந்த அனுபவமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டது. மூளைக் காயத்தோடு தொடர்புடைய எஸ்100பி என்ற புரதம் முதல் குழுவின் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த ஒப்பீடு என்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

சொல்லாய்வி:
தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். அமெரிக்க மாணவர்கள் வாயில் புழங்குவது "சோக்கிங்". அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் "புரையேறுதல்" என்று வந்து நிற்கும். சோறு தொண்டையில் அடைத்ததா என்று கேட்டதாகிவிடும். "கழுத்தை நெரித்தல்" என்று போட்டால் கொலை முயற்சி நினைவுக்கு வரும், அது நேர்ந்தவரும் "இல்லை" என்றே குறிப்பார். "உங்கள் கழுத்தில் கையை வைத்தோ, முழங்கையால் வளைத்தோ, துணி அல்லது பெல்ட் சுற்றியோ அழுத்தினார்களா?" என்று செயலாகவே எழுதுங்கள். கையா, துணியா என்பதைத் தனித்தனியாகக் குறிக்கவும் இடம் விடுங்கள்.

"சம்மதம்" என்றதும் நம் ஊரில் பலருக்குக் கல்யாணப் பேச்சும் பெற்றோரும்தான் நினைவுக்கு வரும். "நீங்கள் சரி என்றீர்களா, எப்படித் தெரிவித்தீர்கள்?" என்பது தெளிவு. பத்துப் பேரிடமாவது கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

வெளிச்சம்23:
மிக்க நன்றி. சட்டத்தில் சம்மதம் பற்றி ஒரு பத்தி வேண்டும். எதைச் சொல்லலாம்?

எண்ணும்எழுத்தும்:
இங்கிலாந்தில் 2021இன் குடும்ப வன்முறைச் சட்டம், பாலியல் இன்பத்துக்காகக் கடுமையான காயம் ஏற்படுத்திவிட்டு "அவர் சம்மதித்தார்" என்று தப்பிக்க முடியாது என்கிறது. அதே சட்டம் கழுத்தை நெரிப்பதைத் தனிக் குற்றமாகவும் ஆக்கியது. இந்தியாவில் தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தத்திலிருந்து, சம்மதம் என்றால் சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றித் தெரிவித்த விருப்பம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சம்மதம் ஆகாது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் அதைக் காணலாம். உங்கள் கேள்வித்தாளில் "நான் எதிர்க்கவில்லை" என்பதைச் சம்மதத்தின் கீழே ஒரு விடையாக வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டுத் தனிக் கேள்வியாக்குங்கள்.