வயிற்றுக் கொழுப்பு முட்டிக் குருத்தெலும்பாக மாறுமா, யார் சொல்லி மாறும்?

சிப்புட்மகள்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள். அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மேடும் பள்ளமுமாக நடந்து நடந்து முட்டி தேய்ந்துவிட்டது. ஒரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அதிலுள்ள ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) முட்டியில் ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு வளரும் என்கிறார்கள். எஸ்டிபிஎம்மில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) பயாலஜி எடுத்தவள்தான் நான், ஆனாலும் பிடிபடவில்லை. கொழுப்பில் கிடந்த செல்லுக்கு "இனி நீ குருத்தெலும்பு" என்று யார் சொல்வது?

லேப்அண்ணன்:
தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கொழுப்பில் அப்படிப்பட்ட செல் இருப்பது உண்மை, 2001இல் பெட்ரீசியா ஜூக் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு வகைகளாக மாற்றிக் காட்டினார்கள். ஆனால் செல்லுக்கு வெளியிலிருந்து கட்டளை வர வேண்டும். வளர்ச்சிக் காரணி என்கிற புரதம்தான் அந்தக் கட்டளை. டிஜிஎஃப்-பீட்டா என்கிற காரணி, செல்லின் மேலிருந்து சேதியை வாங்கும் ஏற்பியில் ஒட்டியதும், அந்த ஏற்பி உள்ளே ஸ்மேட்2, ஸ்மேட்3 என்ற தூதுப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும், அவை ஸ்மேட்4ஐயும் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போகும், அப்புறம் மரபணுக்களை முடுக்கும் சாக்ஸ்9 என்ற புரதம் சூடுபிடித்துக் குருத்தெலும்பின் கட்டுமானப் பொருள்களான கொலாஜனும் அக்ரிகனும் உருவாகும். அதே செல்லில் சாக்ஸ்9 போன்ற இன்னொரு புரதமான ரன்எக்ஸ்2 ஓங்கினால் எலும்புப் பக்கம் போகும், பிபார்-காமா ஓங்கினால் மறுபடி கொழுப்புதான்.

இன்னொன்று. எலும்பு மஜ்ஜை செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா கொடுத்தாலே ஓரளவு கேட்கும். கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லில் அதைப் பிடிக்கும் முதல் வகை ஏற்பி குறைவு. பிஎம்பி-6 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஏற்பி கூடும், செல்லும் குருத்தெலும்புப் பக்கம் திரும்பும். எனக்கு இது புரியவே பல மாதம் ஆனது, அதுவரை லேப்பில் நான் வளர்த்த செல் உருண்டைகள் தொளதொளவென்றே இருந்தன.

கங்காணிபேரன்:
அண்ணா, லேப்பில் நீங்கள் கொடுக்கிறீர்கள் சரி, முட்டிக்குள் யார் கொடுப்பது?

லேப்அண்ணன்:
அங்கேதான் சிக்கல், தம்பி. லேப்பில் செல்களைச் சுழற்றி உருண்டையாக்கி, ஒரு மில்லிக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா3, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வைட்டமின் சி எல்லாம் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மூன்று நான்கு வாரம் காப்போம். தேய்ந்த முட்டியில் இந்த ஏற்பாடு கிடையாது, அங்கே இருப்பது வீக்கம். வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்கள் குருத்தெலும்பை அரிக்கும் பக்கம் நிற்பவை. போட்ட செல் வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கும், அதனால் வலி குறையலாம். வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. அந்தச் செல்லை எப்படித் தயாரிக்கிறீர்கள், மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவில் பதிவு உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

ராணிஅத்தை:
எங்கள் வீட்டுக்காரருக்குப் போன வருடம் இப்படித்தான் போட்டோம். நாலைந்து மாதம் வலி குறைந்தது, கோயில் படியேறினார். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது தேய்மானம் அப்படியே இருந்தது, கண்ணு.

சிப்புட்மகள்:
நன்றி அண்ணா, அத்தை. போன் போட்டு, எந்தக் காரணி கொடுக்கிறீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்டேன். நேரில் வாருங்கள் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. ஈப்போவில் எலும்பு டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டேன், அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.