பழைய கேட்டோ மேனர் வரைபடம் 270 மீட்டர் வடக்கே போய் உட்காருகிறது, உதவி தேவை

வாணி (டர்பன்)
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வரலாற்றுத் துறையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டத்துக்கு முன்பிருந்த கேட்டோ மேனரை (டர்பனில் உள்ள பகுதி) டிஜிட்டல் வரைபடமாக்குகிறோம். பிரேசிலில் சாவோ பாவ்லோ கூட்டாட்சிப் பல்கலை (யுனிஃபெஸ்ப்) ஆட்களும் அமெரிக்காவின் எமோரி பல்கலையும் சேர்ந்து 1870–1940 காலத்து சாவோ பாவ்லோ நகரத்தை ‘பாலிசேயா 2.0’ என்று ஏற்றியிருக்கிறார்களே, அந்த மாதிரி. வீடு, கடை, கோயில், தோட்டம் எல்லாம் வரவேண்டும்.

என்னிடம் இருப்பது பழைய அளவைத் தாள் ஒன்றின் ஸ்கேன். ஓரத்தில் ஆள்கூறுகள் அடிக்கணக்கில் இருந்தன. 0.3048 ஆல் பெருக்கி மீட்டராக்கினேன். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஹார்டபீஸ்ட்ஹூக் 94, லோ 31 (31 பாகை தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட இன்றைய தென்னாப்பிரிக்க ஆள்கூற்று முறை) வைத்தேன். முதலில் படம் தலைகீழாக வந்தது. எக்ஸ், ஒய் இரண்டு எண்ணுக்கும் குறியை மாற்றியதும் நேரானது. பிழை அளவு ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அம்பலவாணர் ஆலயம் இன்றைய இடத்துக்கு 270 மீட்டர் வடக்கே, 25 மீட்டர் கிழக்கே போய் நிற்கிறது!

கூட்டாளிப் பல்கலை திருத்தி அனுப்பிய பிரதியில் கோயில் சரியாக இருக்கிறது, பிழை பூஜ்யம் என்கிறார்கள். ஆனால் அதில் ஓடை பாம்பு மாதிரி நெளிகிறது. எதை நம்புவது? இரண்டு வாரத்தில் கூட்டம்.

சாட்ஸ்வொர்த் குமார்
தங்கச்சி, காகிதம் சுருங்கியிருக்கும். பழைய தாளை மடித்து வைத்தால் அப்படித்தான் ஆகும்.

வாணி
அதையும் பார்த்தேன் அண்ணா. நான்கு மூலையும் ஒரே திசையில், ஒரே தூரம் தள்ளியிருக்கின்றன. சுருக்கம் என்றால் மூலைக்கு மூலை மாறாதா?

நில அளவையர் (மரிட்ஸ்பர்க்)
சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. ஒரே திசையில் நகர்ந்தால் காகிதத்தில் கோளாறு இல்லை, டேட்டத்தில்தான், அதாவது ஆள்கூறுகளை எந்தப் பூமி வடிவத்தை, எந்த மூலப்புள்ளியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதில்தான்.

தென்னாப்பிரிக்கா 1999 ஜனவரி 1 அன்றுதான் ஹார்டபீஸ்ட்ஹூக் 94-க்கு மாறியது. அதற்கு முந்தைய தாள்கள் கேப் டேட்டத்தில் இருக்கும். அது கிளார்க் 1880 என்ற வேறு நீள்வட்டத்தில் (பூமியின் வடிவத்துக்கான கணக்கு) கட்டியது, அதன் மூலப்புள்ளி போர்ட் எலிசபெத் அருகே பஃபெல்ஸ்ஃபான்டெய்ன். லோ முறையில் எக்ஸ் என்பது பூமத்தியரேகையிலிருந்து தெற்கே எவ்வளவு தூரம் என்பது. பூமியின் வடிவத்தையே மாற்றி எடுத்துக்கொண்டால் அந்தத் தூரமும் மாறும். நம் ஊரில் வித்தியாசம் சுமார் 300 மீட்டர். பழைய எண்ணைப் புதிய டேட்டம் என்று சொன்னால் படம் வடக்கே ஏறிவிடும்.

ஆள்கூற்று முறைகளின் எண் பட்டியலில் இபிஎஸ்ஜி 22291, அதாவது கேப் லோ 31, இதை எடுங்கள். நீங்கள் குறியை மாற்றிவிட்டதால் அதை அப்படியே போட்டால் மறுபடி தலைகீழாகும். அதன் வரையறையை நகலெடுத்து, மேற்கு–தெற்கு அச்சு என்று சொல்லும் துண்டை மட்டும் நீக்கி, தனிப்பயன் சிஆர்எஸ்ஸாக (ஆள்கூற்று முறையாக) சேமியுங்கள். அப்புறம் உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றலாம்.

அடுத்து டர்பன் நகர மையத்தில் கிரே தெருப் பக்கத் தாளுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 31 பாகை தீர்க்கரேகை பெரியா மேட்டை ஒட்டிப் போகிறது. அதனால் கேட்டோ மேனரில் தாளில் உள்ள ஒய் (அந்த ரேகையிலிருந்து மேற்கே உள்ள தூரம்) நேர்க்குறி, கிரே தெருவில் எதிர்க்குறி. கழித்தல் குறி சிறியதாக அச்சாகியிருக்கும், தவறவிட்டால் தெருவே மேட்டுக்கு மேற்கே போய்விடும்.

வாணி
ஐயா, கோடி நன்றி! கிழக்கு வித்தியாசம் போய்விட்டது. ஆனால் இப்போது கோயில் 30 மீட்டர் தெற்கே இருக்கிறது. முன்பு வடக்கு, இப்போது தெற்கு. என்ன தப்பு செய்தேன்?

நில அளவையர் (மரிட்ஸ்பர்க்)
உங்கள் 0.3048. அது இன்றைய அடி. அந்தக் காலத்து நில அளவையில் அடி 0.3047972654 மீட்டர். ஒரு அடியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் உங்கள் எக்ஸ் ஒரு கோடியே எட்டு லட்சம் அடிக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், 30 மீட்டர் வரும். உள்நாட்டுத் தாள்களில் கேப் அடி இருக்கலாம். அது இன்னும் நீளம், 0.314856 மீட்டர். எந்தத் தாளானாலும் அலகைப் படித்த பிறகே தொடங்குங்கள்.

செல்வி (கேப்டவுன்)
கூட்டாளிகளின் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ போட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளியையும் (இடம் தெரிந்த புள்ளி) சொன்ன இடத்துக்கே இழுத்து ஒட்டும், அதனால் பிழை எப்போதும் பூஜ்யம்தான். படம் சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது. இடையில் இருப்பவை நெளியும், உங்கள் ஓடை நெளிந்தது அதனால்தான். முதல்படி பல்லுறுப்புக் கோவை (முழுப் படத்தையும் நெளியாமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டும் மாற்றம்) போடுங்கள், இரண்டு மூன்று புள்ளிகளைச் சேர்க்காமல் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்த படத்தோடு புள்ளிகள் கோப்பையும் அனுப்புங்கள், அங்கே இருப்பவர்கள் எங்கே எப்படிக் கட்டினீர்கள் என்று பார்க்க முடியும். இன்னொரு சாட்சி வேண்டுமானால், மோப்ரேயில் தேசிய நில அளவை அலுவலகத்தில் 1930-கள் முதல் எடுத்த விமானப் படங்கள் உண்டு.

பெல்லேர் ரோட் தாத்தா
பிள்ளைகளா, சோதனைப் புள்ளிக்கு வீட்டு மூலையைத் தேடாதீர்கள். எங்கள் வீடுகளை இடித்துவிட்டார்கள், பாதைகள் பலவும் மாறிவிட்டன. 1947-இல் கட்டிய கோயில் நிற்கிறது, அதைப் பிடியுங்கள். பெல்லேர் ரோட் என்று தேடினால் கிடைக்காது, இப்போது வூசி ம்ஸிமேலா ரோட். கிரே தெரு இன்று டாக்டர் யூசுப் தாதூ தெரு. பிரின்ஸ் எட்வர்டு தெரு நம் டாக்டர் கூனம் பெயரில் இருக்கிறது. இரண்டு பெயரையும் அட்டவணையில் போடுங்கள். எங்களில் பலருக்குப் பழைய பெயர் மட்டும்தான் வாயில் வரும்.

வாணி
மூன்று பேர் சொன்னதையும் செய்தேன். கோயில் 2 மீட்டருக்குள் வந்துவிட்டது, ஓடையும் நெளியவில்லை. பழைய பெயர், புதிய பெயர் இரண்டுக்கும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை சேர்த்துவிட்டேன், தாத்தா. நீங்கள் இருந்த வீடு கோயிலிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்வீர்களா? தாளில் அங்கே சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றுக்கும் பெயர் இல்லை.

பெல்லேர் ரோட் தாத்தா
கோயில் வாசலில் நின்று ஓடையைப் பார். வலது கைப் பக்கம் இறங்கினால் மூன்றாவது. பின்னால் வாழைத் தோட்டம்.

வாணி
கண்டுபிடித்துவிட்டேன், தாத்தா. பின்னால் தோட்டம் என்று புள்ளிக்கோடு போட்டிருக்கிறது. குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.